நான்காம் பின்னில் இருபத்துநான்கு வோல்ட்

8 ஜனவரி 2024, திங்கள்

ரெசிஸ்டர் ஏஜென்சிக்காரன் கொடுத்த டைரி. தாள் மட்டம், மை பின்பக்கம் ஊறுகிறது. இலவசமாக வந்ததைக் குறை சொல்லக் கூடாது என்பாள் என் மனைவி சுலோச்சனா. நான் சொல்வேன்.

காலையில் எதிர்வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, நீங்க கம்பெனில லைப்ரரி பாத்துக்கறீங்களாமா? பேரனுக்கு ரெண்டு கதைப் புஸ்தகம் கெடைக்குங்களா?"

ஆபீசுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் விளக்கினேன். நூற்பாலை மெஷின்களுக்கு கண்ட்ரோல் போர்டு வடிவமைக்கிற கம்பெனி எங்களுடையது. கம்ப்யூட்டரில் போர்டு வரைகிறவர்களுக்கு ஒவ்வொரு உதிரிபாகமும் முன்கூட்டியே வரைந்து தயாராக இருக்க வேண்டும். அந்தக் கிடங்குதான் லைப்ரரி. பாகம் ஒன்றுக்கு இரண்டு படம். எந்தக் காலுக்கு என்ன வேலை என்று சொல்வது சிம்பல். அந்தக் கால்கள் போர்டில் எங்கே உட்கார வேண்டும் என்று அளந்து போட்டது ஃபுட்பிரிண்ட். பின் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கால்களுக்கு இரண்டிலும் எண் உண்டு. எண்ணுக்கு எண் பொருந்தினால் போர்டு ஓடும், பொருந்தாவிட்டால் புகையும். இப்படி நாலாயிரத்து முந்நூறு பாகங்கள், பதினேழு வருடமாக என் பொறுப்பில்.

"அப்பப் புஸ்தகம் இல்லீங்களா," என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆபீசில் டிசைன் தலைவர் ஜெகன்னாதன் சார் ஒரு அம்மாளைக் கூட்டி வந்து என் பக்கத்து மேசையில் உட்கார வைத்தார். பெயர் ஹம்சவேணி. முப்பத்தெட்டு வயது இருக்கும். சென்னையில் பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்தவளாம். புருஷனுக்கு இங்கே மாற்றல். கம்பெனி புது சாப்ட்வேர் வாங்கியிருக்கிறது. பழைய லைப்ரரி முழுவதையும் அதற்கு மாற்ற வேண்டும், நாங்கள் இருவரும் சேர்ந்து.

அவள் டீ குடிக்கப் போனதும் ஜெகன்னாதன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சிகாமணி, ஒளிவு மறைவில்லாம சொல்லிடறேன். மாத்தி முடிச்சதும் லைப்ரரிக்கு ஒருத்தர் போதும்னு மேலே சொல்றாங்க. மார்ச் கடைசிக்குள்ள யாருன்னு நான் முடிவு பண்ணணும். மனசுல வச்சுக்கங்க."

மனசில் வைத்துக்கொண்டேன். நாற்பத்தொன்பது வயதுக்காரனை வெளியே எவன் கூப்பிடுவான்? மத்தியானம் கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

11 ஜனவரி, வியாழன்

அந்த அம்மாளுக்கு வேலை தெரிகிறது. மறைப்பதற்கென்ன.

என் லைப்ரரியில் ஒரே பாகம் இரண்டு பெயரில் இருப்பதாக முப்பத்தேழு இடத்தைக் கண்டுபிடித்து, பட்டியல் போட்டு, எல்லோர் முன்னாலும் நீட்டினாள். நீட்டிவிட்டு, "இவ்வளவு பெரிய லைப்ரரில முப்பத்தேழுதான். நான் பார்த்த இடங்கள்ல இவ்வளவு சுத்தமா எங்கேயும் இல்லை சார்," என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பாராட்டியவளை என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

17 ஜனவரி, புதன்

காணும் பொங்கல். யாரையும் காணப் போகவில்லை.

2 பிப்ரவரி, வெள்ளி

அவள் மாற்றி முடித்தது ஆயிரத்து நூறு. நான் நானூற்றுச் சொச்சம். புது சாப்ட்வேரில் எனக்கு மவுஸ் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ஒரு பட்டனைத் தேட அரை மணி. அவள் எட்டிப் பார்த்து, "இங்கே இருக்கு சார்," என்று விரலால் காட்டுகிறாள். அந்த விரலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. டிசைன் பையன்கள் இப்போது சந்தேகம் என்றால் நேராக அவள் மேசைக்குப் போகிறார்கள். என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் ஆரோக்கியத்திடம் புலம்பினேன். ஆரோக்கியசாமி டெஸ்டிங் ரூமில் இருக்கிறார். புதிதாகச் செய்துவரும் போர்டுக்கு முதன்முதலில் கரண்ட் கொடுத்துப் பார்ப்பது அவர்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். இந்தக் கம்பெனியில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே மனிதர். அவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் பாதி எனக்குத்தான்.

"அட போங்க சிகாமணி. யார் வந்தா என்ன? உங்க லைப்ரரில இருந்து வந்த பாகம்னா நான் மீட்டர்கூட வைக்கறதில்லீங்க. நேரா சுவிட்சைப் போட்டுருவேன். அந்த நம்பிக்கை அந்தம்மாளுக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆகும்."

மனது கொஞ்சம் லேசானது. குழம்பும் இன்று நன்றாக இருந்தது.

13 பிப்ரவரி, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பின்னால் உதவும்.

பதினொன்றரை மணிக்கு ஹம்சவேணி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று பழைய ஃபுட்பிரிண்ட், மற்றது அவள் வரைந்தது. எங்கள் எல்லா போர்டுக்கும் மின்சாரம் உள்ளே வருகிற நாலு கால் கனெக்டர் அது.

"சார், இது இடம் வலம் மாறி இருக்கு பாருங்க. தயாரிச்ச கம்பெனி படத்தை அடியில இருந்து பார்த்த மாதிரி போட்டிருக்கான். யாரோ அதை மேலேருந்து பார்த்ததா நினைச்சு வரைஞ்சுட்டாங்க. நான் சரிபண்ணிட்டேன். ஆனா சிம்பல்ல இருபத்துநாலு வோல்ட் நாலாவது பின்ல வருது. நம்ம வயரிங்ல நிஜமாவே நாலுதானா? இல்ல இதுலயும் ஏதாவது இருக்கா?"

யாரோ இல்லை. நான்தான். 2013இல் வரைந்தேன்.

அந்தக் கதையை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. அடியிலிருந்து பார்த்த படம் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தான், நான் கவனிக்கவில்லை. நாலு காலும் ஒரே வரிசை. அதனால் கனெக்டரை மாட்டும்போதும் யாருக்கும் தெரியவில்லை. முதல் ஐந்து போர்டு வந்ததும் ஆரோக்கியம் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் என்னிடம் வந்து காதோடு சொன்னார். இருபத்துநான்கு வோல்ட் வர வேண்டிய இடத்தில் கிரவுண்ட் என்கிற பூஜ்ய வோல்ட், கிரவுண்ட் இடத்தில் இருபத்துநான்கு. அந்த ஐந்தையும் சாலிடரிங் கோளாறு என்று எழுதித் தூக்கிப் போட்டார். என் பேருக்காக அவர் எழுதிய பொய் அது.

ஆனால் அதற்குள் அதே ஃபுட்பிரிண்டை வேறு ஆறு போர்டில் வரைந்து முடித்திருந்தார்கள். அதைத் திருத்தினால் ஆறையும் மறுபடி வரைய வேண்டும், ஏன் என்று கேட்பார்கள். ஃபுட்பிரிண்டை விட்டுவிட்டு சிம்பலில் எண்களைத் திருப்பிப் போட்டேன். ஒன்று நாலாயிற்று, நாலு ஒன்றாயிற்று. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டியது. போர்டுகள் ஒழுங்காக ஓடின. இன்றுவரை ஓடுகின்றன. மாற்றக் குறிப்பில் 'சிம்பல் சீரமைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினேன். விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

இப்போது அவள் ஒரு தப்பை மட்டும் திருத்திவிட்டு வந்து நிற்கிறாள். இன்னொன்று அப்படியே இருக்கிறது.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பதினோரு வருஷமா சிம்பல்ல நாலாவது பின்லதாங்க மேடம் இருக்குது. ஒரு போர்டுகூடப் புகைஞ்சதில்லை. யாரும் அதைத் தொட்டதுமில்லீங்க."

மூன்று வாக்கியம். மூன்றும் உண்மை.

"அப்ப சிம்பலைத் தொட வேண்டாம். தேங்க்ஸ் சார். எதுக்கும் அந்த வயரிங் படம் இருந்தா குடுங்க, ஒரு தடவை பார்த்துடறேன்," என்றாள். தேடிப் பார்க்கிறேன் என்றேன். மெஷினிலிருந்து எந்த வயர் எந்தப் பின்னுக்கு வருகிறது என்று காட்டும் அந்தப் படம் என் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. அங்கே தூசி அதிகம், கிளறினால் தும்மல் வரும்.

14 பிப்ரவரி, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டரில் கசிவு, மாற்றச் சொன்னேன்.

ஜெகன்னாதன் சாரிடம் போய், புது லைப்ரரியில் அவள் மாற்றிய பாகங்களுக்குச் சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் கம்பெனியில் ஒரு பாகத்துக்கு இரண்டு பெயர் வேண்டும், வரைந்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். "முழு உழைப்பும் அவங்களோடது சார். என் பேரு எதுக்கு நடுவுல? அவங்களுக்கே போகட்டும்," என்றேன்.

சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்த நிலைமைலயும் இப்படிப் பேசறீங்க பாருங்க. பெரிய மனசு உங்களுக்கு." இரண்டு இடத்திலும் அவள் பெயரையே போடச் சொல்லிவிட்டார்.

16 பிப்ரவரி, வெள்ளி

வயரிங் படம் கிடைத்ததா என்று கேட்டாள். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

20 பிப்ரவரி, செவ்வாய்



நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பெண்பிள்ளை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். என்ன ஆகிவிடும்? அந்தக் கனெக்டரோடு புது போர்டு வரும். ஆரோக்கியம் மீட்டர் வைப்பார். தலைகீழாக இருக்கிறது என்று சொல்வார். ஹம்சவேணியின் மூக்கு உடையும். பன்னிரண்டு வருட அனுபவம் மின்சாரம் வருகிற கனெக்டரிலேயே கோட்டை விட்டதா என்று ஜெகன்னாதன் சார் யோசிப்பார். யாருக்கும் ஒரு கீறல் விழாது. சாதாரண ஆபீஸ் விவகாரம்.

அவளுக்கு வேறு வேலை கிடைக்கும். கெட்டிக்காரி.

23 பிப்ரவரி, வெள்ளி

அந்தப் புது போர்டு தயாரிப்புக்குப் போய்விட்டது.

8 மார்ச், வெள்ளி

மகளிர் தினம். ஆபீசில் கேக் வெட்டினார்கள். பெண்களுக்கு ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் பரிசு.

ஹம்சவேணி ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், மார்ச் கடைசி விஷயம் எனக்கும் தெரியும். எனக்கே சங்கடமா இருக்கு. உங்க பதினேழு வருஷ ஞாபகம் எந்த சாப்ட்வேர்லயும் இல்லைன்னு ஜெகன்னாதன் சார்கிட்ட சொன்னேன். ரெண்டு பேரையும் வச்சுக்கங்க, வேணும்னா நான் அரை நாள் வர்றேன்னு கேட்டிருக்கேன். அவரு யோசிக்கிறேன்னு சொல்லியிருக்காரு," என்றாள்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் நாற்காலியை எனக்கே பிச்சையாகப் போட இவள் யார்? நானா கேட்டேன்? அரை நாள் வருவாளாம். நான் அவளுடைய மீதி அரை நாளில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேக்கைச் சாப்பிட்டேன். க்ரீம் புளித்திருந்தது. போர்டு அடுத்த வாரம் வருகிறது என்று அவளிடம் ஞாபகப்படுத்தலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. அவள் அதற்குள் அடுத்த மேசைக்குச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

13 மார்ச், புதன்

ஆரோக்கியத்துக்குக் கண்ணில் அடி.

போர்டு காலையில் வந்தது. பத்தேகால் மணி. நான் என் மேசையில்தான் இருந்தேன். பட்டென்று ஒரு சத்தம், அதற்கப்புறம் ஆரோக்கியத்தின் குரல். கத்தல் இல்லை. "ஐயோ மாதாவே, ஐயோ மாதாவே" என்று சின்னக் குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஓடினார்கள்.

மீட்டர் வைக்கவில்லை. நேராக சுவிட்சைப் போட்டிருக்கிறார். ஏதோ சூடாகிற வாசனை வந்ததும் என்னவென்று குனிந்து பார்த்திருக்கிறார். மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற, கட்டைவிரல் பருமன் உள்ள கெப்பாசிட்டர், தலைகீழாகக் கரண்ட் வந்தால் உப்பி வெடிக்கும். அதன் அலுமினிய மூடி வலது கண்ணில் போய் அடித்திருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி மேசைமேல் இருந்தது. படிக்கிற கண்ணாடிக்கு மேலே அதைப் போட்டால் சரியாக உட்காராது என்று எப்போதும் சொல்வார்.

ஏன் மீட்டர் வைக்கவில்லை? பதினொரு வருடத்துக்கு முன்னால் வைத்தவர்தானே? இத்தனை அனுபவம் இருந்தும் இந்த அலட்சியம் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

அவரைக் காரில் ஏற்றும்போது எல்லோரும் வாசலில் இருந்தார்கள். ஹாலில் யாரும் இல்லை. சும்மா உட்கார முடியவில்லை, என் அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். அந்த வயரிங் படம் அகப்பட்டது. கேட்டிருந்தாளே என்று ஹம்சவேணியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மேலே வைத்தால் பறந்துவிடும் என்று அவளுடைய ஃபைல்களுக்கு அடியில் வைத்தேன்.

14 மார்ச், வியாழன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி லூர்துமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருந்தேன், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை.

லூர்துமேரி வெளியே போனதும் ஆரோக்கியம் மெல்லக் கேட்டார். தலை முழுக்கக் கட்டு.

"சிகாமணி, அந்தக் கனெக்டருங்களா?"

"ஆமாங்க."

"அது நம்ம ரெண்டு பேருக்கும் தெரியுமே. அந்தம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்களா?"

"கேக்கலீங்க ஆரோக்கியம். கேட்டிருந்தாச் சொல்லியிருக்க மாட்டேனா?"

என் மணிக்கட்டைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார். "பழைய கதைய நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. இதுல உங்க பேரு எதுக்குக் கெடணும்? நீங்க கவலப்படாதீங்க."

ஆஸ்பத்திரி வாசலில் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்ட ஆப்பம் ஒத்துக்கொள்ளவில்லை.

15 மார்ச், வெள்ளி

விசாரணை. ஜெகன்னாதன் சார் அறையில் நாங்கள் மூன்று பேர்.

ஹம்சவேணியின் முகம் வீங்கியிருந்தது. இரண்டு நாளாக அழுதிருக்கிறாள். "ஃபுட்பிரிண்டை நான்தான் திருத்தினேன் சார், அதை மறுக்கலை. ஆனா திருத்தினதை சிகாமணி சார்கிட்ட காட்டினேன். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன். இருபத்துநாலு வோல்ட் நாலுலதானான்னு கேட்டேன். வயரிங் படமும் கேட்டேன்."

சார் என் பக்கம் திரும்பினார்.

நிதானமாக யோசித்தேன். எனக்கு ஞாபகம் இருக்கிறவரை அவள் வந்தது வயரிங் படம் கேட்கத்தான். லேப்டாப் கையில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என் மேசைக்கு வருகிறார்கள், எல்லாமா ஞாபகம் இருக்கும்?

"வயரிங் படம் கேட்டாங்க சார். தேடி எடுத்து மேசைல வச்சேன். ஃபுட்பிரிண்டத் திருப்பினதா என்கிட்ட எதுவும் சொல்லலீங்க. சொல்லியிருந்தா அந்த நிமிஷமே தடுத்திருப்பேன்."

"எந்த மேசை? எனக்கு வரவேயில்லையே சார்!"

சார் எழுந்து போனார். அவள் ஃபைல்களைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். படத்தோடு திரும்பி வந்து அதை மேசைமேல் வைத்தார். ஒன்றாவது பின்னில் இருபத்துநான்கு வோல்ட் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது.

ஹம்சவேணி அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. தானேதான் பார்க்காமல் விட்டுவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, அது முகத்தில் தெரிந்தது. "இது எப்ப... நான் எப்படி இதைப் பார்க்காம..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

லைப்ரரியில் அந்தக் கனெக்டருக்கு வரைந்தவர் ஹம்சவேணி. சரிபார்த்தவர் ஹம்சவேணி. சார் அதையும் திரையில் திறந்து காட்டினார்.

18 மார்ச், திங்கள்

ஹம்சவேணியை மாலைக்குள் மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போவதற்கு முன் என்னிடம் வந்தாள். "என்னால ஒரு மனுஷனுக்குக் கண்ணு போயிடுச்சு சார். எனக்குத் தூக்கமே வரலை," என்றாள். மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் மேடம் என்றேன். ஸ்கூட்டரை எடுக்க முடியாமல் இரண்டு தடவை கீழே சாய்த்துவிட்டாள். வாட்ச்மேன் போய்த் தூக்கிக் கொடுத்தான்.

குழாயில் சிறுவாணித் தண்ணீர் நாலு நாளாக வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறோம்.

1 ஏப்ரல், திங்கள்

கடிதம் கொடுத்தார்கள். லைப்ரரிக்கு நான்தான். நிம்மதி. சுலோச்சனா கேசரி கிண்டினாள்.

லைப்ரரியில் பழைய குறிப்புகளைச் சுத்தப்படுத்தினேன். அந்தக் கனெக்டருக்கு ஹம்சவேணி பிப்ரவரியில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: 'நாலாவது பின் பற்றி சிகாமணி சாரிடம் கேட்டாயிற்று, மாற்றத் தேவையில்லை.' விசாரணையின்போது அவளுக்கே அது ஞாபகம் வரவில்லை. இப்போது ஃபுட்பிரிண்டும் சிம்பலும் சரியாகிவிட்டன, பழைய குறிப்பு படிக்கிறவர்களைக் குழப்பும். எடுத்துவிட்டேன்.

6 மே, திங்கள்

ஆரோக்கியம் வேலைக்குத் திரும்பினார். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு டெஸ்டிங் ரூமில் விட முடியாது. ஜெகன்னாதன் சார் அவரை லைப்ரரிக்குக் கொடுத்துவிட்டார், சரிபார்ப்பவராக. ஹம்சவேணி உட்கார்ந்த மேசை.

"என் கண்ணு போனது போனதாவே இருக்கட்டுமுங்க. இனிமே ஒருத்தனுக்கும் இப்பிடி ஆகக் கூடாது," என்கிறார். நாலாயிரத்து முந்நூறு பாகத்தையும் ஒவ்வொரு பின்னாகப் பார்க்கப் போகிறாராம். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த ஒரு கண்ணிலும் தண்ணீர் வழிகிறது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறார். கண்ணாடிக் கண் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை, அது என் பக்கம் இருக்கிறது. நான் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

குழம்பில் பாதியை இன்றும் எனக்கு ஊற்றினார்.

10 ஜூன், திங்கள்

பதினொரு மணிக்கு ஓசூரிலிருந்து ஒரு கம்பெனி போன். பெண் குரல். ஹம்சவேணி அங்கே வேலைக்கு மனு போட்டிருக்கிறாளாம். இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் வேலை கைவிட்டுப் போய்விட்டது, அதையும் அவளே எழுதியிருக்கிறாளாம், நடந்த விபத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாளாம். "அவங்க வேலையைப் பக்கத்துல இருந்து பார்த்தவர்னு உங்க பேரைத்தான் சார் குடுத்திருக்காங்க. நீங்க சொல்றதை வச்சுத்தான் நாங்க முடிவு பண்ணப்போறோம்."

என் பெயரையா கொடுத்தாள்? என்னையா?

இப்போது எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. நாற்காலி என்னுடையது, கடிதம் பீரோவில் இருக்கிறது. அவள் ஓசூரில் உட்கார்ந்தால் எனக்கு என்ன குறைந்துவிடும்? நல்ல கெட்டிக்காரி, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். பக்கத்தில் ஆரோக்கியம் வேலையை நிறுத்திவிட்டு, ஹம்சவேணியின் பெயர் காதில் விழுந்ததால், முழு முகத்தையும் என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேலை சுத்தமுங்க மேடம். கை வேகம். குறை சொல்ல முடியாது," என்றேன். "ஆனா ஒண்ணே ஒண்ணு. யாரையும் கேட்டுச் செய்யற பழக்கம் மட்டும் கிடையாதுங்க. அதுலதான் எங்க ஆள் ஒருத்தருக்குக் கண்ணே போச்சு."

அந்தப் பெண் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது. எழுதிக்கொண்டாள் போல. "ரொம்ப நன்றி சார், நேர்மையா சொன்னீங்க," என்று வைத்துவிட்டாள்.

ஆரோக்கியம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரியாத்தான் சொன்னீங்க சிகாமணி. எனக்கு அந்தம்மா மேல கோவம் இல்லீங்க. ஆனா உங்ககிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் கண்ணு இன்னிக்கு இருந்திருக்குமுங்க. இல்லீங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் இன்னும் ஆறு பாகம் பார்த்து முடித்தோம்.